நாங்கள் சிப்பி பொறுக்கின பார்

திருகோணமலை,
தை மாதம், ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று எழுதியிருந்தாய். வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன், சரியான சந்தோசம். பதில் பிந்தியதற்குக் காரணம் வலது கையில் போட்ட தையல். இன்றைக்குத்தான் பேனை பிடிக்க முடிகிறது.

நிலாவெளிக்கு அங்கால நாங்கள் சின்னனில் சிப்பி பொறுக்கின பார், கடலுக்குள் கிடக்கிற அந்த முருகைக்கல் திட்டு, ஞாபகம் இருக்குத்தானே? வைகாசியில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும்போது, இடுப்பளவு தண்ணியில் அதன் முதுகில் நடந்து திரிவோமே, அதே பார். இரண்டு கிழமைக்கு முந்தி, ஒரு வெள்ளிக்கிழமை, அதன்மேல் பலகையில் நின்று அலை ஓடப் போனேன்.

வங்கக் கடலில் எங்கேயோ தூரத்தில் தாழமுக்கம். இரண்டு நாள் மழையும் வாடைக்காற்றுமாக இருந்து, வெள்ளி விடிய காற்று அப்படியே விழுந்துவிட்டது. கடல் விழவில்லை. வாடை காலத்தில் எங்கள் கடல் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும், குறுக்கும் மறுக்குமாகக் கலங்கிக் கிடக்கும். அன்றைக்கோ உழுத வயல் மாதிரிக் கோடு கோடாக வந்தது. கரையில் நின்று எண்ணினேன், ஓர் அலைக்கும் அடுத்ததுக்கும் 11 செக்கன். அப்படி வரும் அலை ஆழ்கடலில் கிட்டத்தட்ட 190 மீற்றர் நீளம். 90 மீற்றர் ஆழத்துக்கு வந்தால்தான் அது தரையை உணரத் தொடங்கும். திருமலையில் கரையைவிட்டுக் கொஞ்சம் போனாலே கடல் பாதாளத்துக்கு இறங்குவதால், வரும் வழியில் அதன் பலம் பெரிதாகக் குறைவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும் மச்சான். பெடியளுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

வாடியில் வலை தைத்துக்கொண்டிருந்த அப்பு ஒருவர் என் பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, பார் முழங்குது. பெரிசு இன்னும் வரேல்லை. கொஞ்சம் இருந்து பாரும்.” மரியாதைக்காகப் பத்து நிமிசம் இருந்தேன். நடுத்தரமாக நாலைந்து அலை வந்தது, பிறகு கடல் அமர்ந்தது. ஒன்பது வருசமாக அறுகம்பையில் ஓடுகிறேன், இதென்ன என்று இறங்கிவிட்டேன். அறுகம்பையில் அலை முனையைச் சுற்றி வந்து ஓரமாக நீளத்துக்கு உடையும், தப்பினால் விலகிக்கொள்ளலாம். பாரில் அப்படியில்லை. ஆழத்திலிருந்து அடி திடீரென்று எழும்புவதால் அலை சரியாது, முன்னால் தூக்கி எறியும்.

முதல் அலை நன்றாகத்தான் போனது. இரண்டாவதுக்குத் திரும்பும்போது தொடுவானம் கறுத்தது. பெரிசு வந்துவிட்டது. என் தலைக்கு மேல் இன்னொரு ஆள் உயரம் இருக்கும். பலகையின் மூக்கை அமத்தி அடியால் போகப் பார்த்தேன், தண்ணி போதவில்லை. அலை எழும்ப எழும்ப எனக்கு முன்னாலிருந்த தண்ணியையெல்லாம் தனக்குள் உறிஞ்சி எடுத்தது. ஒரு கணம் பாரின் முதுகு வெளியே தெரிந்தது. மண்ணிறம், மேலே பச்சைப் பாசி, குழிகளிலிருந்து தண்ணி சலசலத்து வழிந்தது. சிப்பி பொறுக்கப் போகும்போது நான் கால் வைக்கும் கல் எதுவென்றுகூட அடையாளம் தெரிந்தது போலிருந்தது. பிறகு மேலே இருந்ததெல்லாம் விழுந்தது.

எந்தப் பக்கம் மேல் என்று தெரியவில்லை. கையை முகத்துக்குக் குறுக்கே வைத்ததால் கை போனது, முகம் தப்பியது. மிதக்கிற பலகையோடு காலைக் கட்டின கால்கயிறு இழுத்த திசைதான் மேல் என்று பிடித்துக்கொண்டு வந்தேன். அரை மூச்சு எடுப்பதற்குள் அடுத்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு உன் அம்மா உன்னைக் கடலில் கால் வைக்கவிடவில்லை, நான் மட்டும் போவேன். அன்றைக்கு எனக்கு உன் அம்மாவின் முகம்தான் வந்தது.

கரையில் அப்பு சாரத்தை உரிஞ்சு கையில் பிடித்து வீசிக்கொண்டு நின்றார், வெறும் கோவணத்தோடு. வடக்கே காட்டினார். அந்தப் பக்கம் தண்ணி வெளியே இழுக்கிறது, கரைக்கு வர நினைக்கிறவனை ஏன் அங்கே போகச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. வேறு வழியும் இல்லை. போனேன். அங்கே பாருக்கு ஒரு வாய் இருக்கிறது மச்சான், வள்ளங்கள் போய்வருகிற வாய். ஆழம் என்பதால் அலை உடைவதில்லை. அது என்னை வெளியே கொண்டுபோய் விட்டது, பலகையில் கிடந்து மூச்சு வாங்கினேன், பிறகு சுற்றிக்கொண்டு மணல் பக்கத்தால் கரையேறினேன். இத்தனை வருசம் அந்தப் பாரில் நடந்த எனக்கு அந்த வாய் தெரியாது. ஏனென்றால் அது நடக்க முடியாத இடம்.

அப்புவின் மனுசி ஊக்கை நெருப்பில் சுட்டு, கையிலிருந்த முருகைக்கல் துணிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆறவைத்த சுடுதண்ணியால் கழுவினா. பிளேன்ரீ தந்தா. ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆஸ்பத்திரியில் தையலும் ஏற்பு ஊசியும் போட்டார்கள்.

உடம்பு நோ மாறிவிடும். மனதில் கிடப்பது வேறு. சனிக்கிழமைகளில் என்னோடு வருகிற பெடியளில் இரண்டு பேர் நான் இறங்குவதைக் கண்டு, தாங்களும் பலகையைக் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அப்புதான் மறித்து இருத்தியிருக்கிறார். கடலை அரை மணித்தியாலம் பார்க்காமல் இறங்கக்கூடாது என்று அவர்களுக்கு நானே எத்தனை தரம் சொல்லியிருப்பேன். நேற்று அவர்களை இருத்தி நடந்ததை முழுக்கச் சொன்னேன். என் பிழை என்றும் சொன்னேன். சின்னவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணா, அப்புவை எங்களுக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கோவன்” என்றான். கேட்டேன். அடுத்த சனி வாடிக்கு வரச் சொல்லியிருக்கிறார், பலகை இல்லாமல்.

பலகையின் அடியிலிருந்த ஃபின், செட்டை மாதிரியானது, ஒன்று பாரிலேயே முறிந்து கிடக்கிறது. சித்திரை கழிந்து கடல் படுத்ததும் வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போய், பாரின் அடியைச் சுற்றிவரக் காட்டுகிறேன் என்கிறார் அப்பு. நீ ஆடியில் வருவதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் முந்தி வைகாசியில் வரப் பாரேன். வரும்போது நல்ல நீச்சல் கண்ணாடி இரண்டு வாங்கிவா, உனக்கொன்று, எனக்கொன்று. அம்மாவிடம் நான் கேட்டேன் என்று சொல்.

அன்புடன்,
உன் மச்சான்