ஆடுற பக்கெட்டுக்கு யாரு ஆப்பு அடிக்கிறது? லோடர் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

டிராக்டர் முன்னாடி மாட்டி மண்ணு, பாரம் தூக்குற லோடர் பண்றவங்க, அதோட முனையில மாட்ட பக்கெட்டு, ஃபோர்க்கு (பாரம் தூக்குற முள்ளு), கிராப்பிள்னு (கவ்விப் பிடிக்கிறது) அட்டாச்மென்ட் பண்ணி விக்கிறவங்க, ரெண்டு தரப்புக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். ஏன்னா தனித்தனியா கேட்டா ஒருத்தர் இன்னொருத்தரை கை காட்டிட்டு போயிடுறீங்க. குயிக் அட்டாச்ல, அதாவது அட்டாச்மென்ட்டை சட்டுனு மாட்டி கழட்டுற பிளேட்டுல, பக்கெட் லொடலொடன்னு ஆடுதுன்னு லோடர்காரங்ககிட்ட சொன்னா "அது பக்கெட் சரியில்ல சார்", பக்கெட் வித்தவங்ககிட்ட போனா "உங்க லோடர் பிளேட் தேஞ்சு போச்சு சார்". நடுவுல வெல்டிங் ராடை கையில பிடிச்சுக்கிட்டு நாங்கதான் நிக்கிறோம்.

நான் சொல்றது ஸ்கிட் ஸ்டீர்ங்கிற சின்ன லோடர் வண்டியில வர்ற மாடல் பிளேட்டை. பாப்கேட் கம்பெனி 1970ல கொண்டு வந்த ஐடியாதான் இன்னைக்கு பாதி டிராக்டர் லோடர்ல உக்காந்திருக்கு. அமைப்பு ரொம்ப சிம்பிள், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. பிளேட்டோட மேல் விளிம்பு அட்டாச்மென்ட்டோட மேல் மடிப்புக்குள்ள போயி மாட்டிக்கும், கீழ ரெண்டு பின்னு லீவரை அமுக்குனா ஸ்லாட்டுக்குள்ள இறங்கும். அந்த பின்னோட முனை சும்மா உருண்டையா இல்ல, சரிவா சீவி இருக்கும். மம்பட்டி காம்பு ஆடுனா ஆப்பு அடிச்சு இறுக்குவோமே, அதே வேலைதான். பின்னு இறங்க இறங்க அந்த சரிவு ஸ்லாட் விளிம்பை பிடிச்சு அட்டாச்மென்ட்டை பிளேட்டோட ஒட்ட இழுக்கணும், கீழ இழுக்குற இழுவையில மேல் மடிப்பும் சேர்ந்து இறுகணும்.

அப்ப இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, லீவர் முழுசா மடங்குறதுக்கு கொஞ்சம் முன்னாடியே ஆப்பு ஸ்லாட்ல இறுகிடணும். அந்த மிச்ச தூரம்தான் நாளைக்கு வரப்போற தேய்மானத்துக்கு இருப்பு. ஆனா நீங்க அனுப்புற சில புது பக்கெட்ல ஸ்லாட்டை தாராளமா வெட்டி வச்சிருக்கீங்க, எந்த லோடர்லயும் மாட்டணுமாம், "யுனிவர்சல்"னு ஸ்டிக்கர் வேற. லீவர் கடைசி வரைக்கும் போயிடுது, ஆப்பு இன்னும் எதையும் தொடவே இல்ல. பெயிண்ட் கூட போகாத புது பக்கெட் முத நாளே ஆடுது, அதை எப்படிங்க தேய்மானம்னு சொல்றது?

சின்ன ஆட்டம்தானேன்னு சொல்லாதீங்க. பிளேட் உயரம் சுமாரா 40 செமீன்னு வச்சுக்குவோம், கீழ 3 மிமீ ஆட்டம் இருந்தா 120 செமீ நீள ஃபோர்க் முனையில அது 9 மிமீ ஆகுது. பக்கெட்டுக்கு பரவால்ல, பாலெட் (சரக்கு அடுக்குற பலகை) தூக்குறவனுக்கு அது தலைவலி. அதோட ஆடுற எதுவும் சும்மா ஆடாது, ஒவ்வொரு குழியிலயும் இரும்பு இரும்பை அடிக்குது, அடிக்க அடிக்க ஸ்லாட் இன்னும் பெருசாகுது.

எங்க பக்கத்துல நாங்க என்ன பண்றோம்னும் சொல்லிடறேன், அப்பதான் எது எங்க வேலை எது உங்க வேலைன்னு தெரியும். முதல்ல மேல் மடிப்புக்குள்ள இறுகி கிடக்குற மண்ணையும் கல்லையும் சுரண்டி எடுக்கணும், பிளேட் முழுசா உள்ள உக்காராததாலயே பாதி பேருக்கு ஆட்டம் வருது. அப்புறம் பக்கெட்டை தரையை விட்டு லேசா தூக்கி, பக்கெட்டுக்கு அடியில கட்டை குடுத்து, இன்ஜினை நிறுத்திட்டு கடப்பாறையால நெம்பி பாக்கணும். ஆட்டம் பிளேட்டுக்கும் அட்டாச்மென்ட்டுக்கும் நடுவுல இருக்கா, இல்ல லோடர் கையில இருக்குற பின்னு, புஷ்ல (பின்னு சுத்துற உறை) இருக்கா? பின்னு புஷ் தேஞ்சதுன்னா அது வேற கதை, மாத்திட்டு கிரீஸ் அடிக்க வேண்டியதுதான். எல்லா அட்டாச்மென்ட்டும் ஆடுச்சுன்னா லோடர் பக்கம் பாக்கணும், ஒண்ணு மட்டும் ஆடுச்சுன்னா அந்த ஒண்ணுலதான் கோளாறு.

கோளாறு அட்டாச்மென்ட்லதான்னு தெரிஞ்சா ஸ்லாட்ல பெயிண்ட் போயி பளபளன்னு இருக்குற விளிம்பை பாருங்க, ஆப்பு உரசுற இடம் அதுதான். அங்க 7018 ராடுல ஒரு வரிசை வெல்டிங் ஓட்டி, ஆறுனதும் கிரைண்டர்ல கொஞ்சம் கொஞ்சமா இழைச்சு, மாட்டி பாத்து, மறுபடி இழைச்சுன்னு பொறுமையா போகணும். அட்டாச்மென்ட்டை கழட்டி தனியா வச்சுத்தான் வெல்டிங், இல்ல கழட்ட முடியலன்னா பேட்டரி ஒயரை எடுத்துட்டு எர்த் கிளாம்ப்பை வெல்டிங் பண்ற இடத்துக்கு பக்கத்துலயே போடணும், கரண்ட்டு பின்னு வழியா சுத்தி வரக்கூடாது. அவசரப்பட்டு அதிகமா நிரப்பிட்டா ஆப்பு முழுசா இறங்காது, லீவர் மடங்காது, இது ஆட்டத்தை விட ஆபத்து. பின்னு முனை ஸ்லாட்டுக்கு கீழ நல்லா எட்டி பாக்குதான்னு கண்ணால பாக்காம தூக்கவே கூடாது.

சில பேரு லோடர் பிளேட்லயே பட்டை வச்சு வெல்டிங் பண்ணிடறாங்க. வேணாம்ங்க. இந்த பக்கெட் இறுகும், மத்த எதுவும் உள்ள போகாது. ஆப்பு பின்னு தேஞ்சிருந்தா அதுமேல வெல்டிங் ஏத்துறதை விட புது பின்னு போடுறதுதான் உருப்படி.

இப்ப உங்க வேலைக்கு வர்றேன். லோடர்காரங்களே, அந்த ஆப்பு பின்னை தனியா குடுங்க, லீவர் ஸ்பிரிங் பிளேட்டுன்னு மொத்த செட்டா வாங்குன்னு சொல்லாதீங்க, தேயுறது அந்த முனை மட்டும்தான். அட்டாச்மென்ட்காரங்களே, ஸ்லாட் விளிம்புல போல்ட்டு போட்டு மாத்துற மாதிரி ஒரு கெட்டி துண்டு வைங்க. பக்கெட் வாய்ல கட்டிங் எட்ஜை போல்ட்டுல மாத்துற மாதிரி குடுக்க தெரியுதுல்ல, அது இங்க மட்டும் ஏன் முடியல? ஸ்கிட் ஸ்டீர் இணைப்புக்குன்னு ஐஎஸ்ஓ 24410னு ஒரு சர்வதேச தரம் இருக்கு, 2005ல வந்தது, 2020ல புதுப்பிச்சாங்க. சும்மா "யுனிவர்சல்"னு ஒட்டாம அந்த அளவுக்குத்தான் செஞ்சிருக்கோம்னு பக்கெட் மேலயே அடிச்சு குடுங்க, அப்ப யாரு தப்புன்னு டேப் வச்சு அளந்தே சொல்லிடலாம்.

மேனுவல்ல எச்சரிக்கை படம் மட்டும் பக்கம் பக்கமா போடுறீங்க. கூடவே இன்னொரு பக்கம் போடுங்க: புதுசுல ஸ்லாட் எவ்வளவு, எவ்வளவு தேஞ்சா சரி பண்ணணும், எவ்வளவுக்கு மேல தூக்கி போடணும், லீவர் மடங்குன பிறகு பின்னு எவ்வளவு கீழ தெரியணும். நாலு நம்பர்தான், அதை குடுத்தா மீதி வெல்டிங் வேலையை நாங்க பாத்துக்கறோம்.