தீக்காயப் பிள்ளைகளின் பயிற்சி அறைக்கு இன்னும் 1,72,500 ரூபாய் குறைகிறது

சிவகாசி அண்ணாச்சிமார்களுக்கும் தாய்மார்களுக்கும், சென்னை, பெங்களூரு, துபாய் என்று போய்விட்ட நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் குழுவின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். செப்டம்பர் 30-க்குள் முழுப் பணமும் கட்டாவிட்டால், நமக்காக எடுத்து வைத்திருக்கும் இரண்டு வீடியோ கேம் செட்டையும் கடைக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அடுத்து தீபாவளி. அந்த வாரம் தீக்காய வார்டுகள் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"பிள்ளைகள் விளையாடவா வசூல்?" என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கொதிக்கிற ரசம் கொட்டியதோ, வெடி கையில் வெடித்ததோ, புண் ஆறிவிட்டால் வைத்தியம் முடிந்தது என்று நினைக்கிறோம். அதற்குப் பிறகுதான் பெரிய பாடே. ஆறிய தழும்பு ஓராண்டு, சில பிள்ளைகளுக்கு இரண்டாண்டு வரைகூட இறுகிக்கொண்டே போகும். அக்குளில் வெந்த பிள்ளை வலிக்குப் பயந்து கையை உடம்போடு ஒட்டியே வைத்திருக்கும், தழும்பும் அப்படியே சுருங்கிவிடும், அப்புறம் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக் கை எழும்பாது. பிள்ளை வளரும், தழும்பு அதோடு சேர்ந்து வளராது. கடைசியில் மறுபடியும் அறுவை சிகிச்சை. இதைத் தடுக்க இறுக்கமான அழுத்த உடையை நாளுக்கு 23 மணி நேரம் போட்டிருக்க வேண்டும், தினமும் கை காலை நீட்டி மடக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையிடம் "கையைத் தூக்கு" என்றால் அழும். பார்க்கப் பொறுக்காமல் அம்மாவும் விட்டுவிடுவார்.

அதே பிள்ளை திரையில் வருகிற பந்தைத் தட்ட வேண்டுமென்றால் தானாகக் கையைத் தூக்குகிறது. நாம் வாங்கும் செட்டில் இருக்கும் கினெக்ட் என்பது, உடம்பின் அசைவைப் பார்த்து விளையாட்டை நடத்த மைக்ரோசாஃப்ட் 2010-ல் கொண்டுவந்த கேமரா. கையில் எதையும் பிடிக்க வேண்டாம், முன்னால் நின்று அசைந்தாலே போதும், அதனால் விரலில் கட்டுப் போட்டிருக்கும் பிள்ளையும் ஆடலாம். பல கை தொட்டுப் புழங்கும் பொருள் இல்லை, தொற்று பயமும் குறைவு. அமெரிக்காவில் தீக்காயக் குழந்தைகளைப் பார்க்கும் ஷ்ரைனர்ஸ் மருத்துவமனையில், இப்படி ஆடும்போது தோளும் முழங்கையும் எவ்வளவு விரிகின்றன என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கேயே சியாட்டில் நகரில், கட்டு மாற்றும்போதும் பயிற்சியின்போதும் நோயாளியைக் கணினி காட்டும் பனி உலகத்துக்குள் பனிப்பந்து எறிய வைத்து வலியைக் குறைத்தார்கள். ஆனால் பெட்டி மட்டும் போதாது. எந்த மூட்டுக்கு எந்த விளையாட்டு, எப்போது நிறுத்துவது என்று சொல்ல பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும். அந்தச் சம்பளமே நமக்குப் பெரிய செலவு.

கணக்கு இதோ. கினெக்ட் தயாரிப்பை 2017-லேயே நிறுத்திவிட்டதால் பழையதுதான் கிடைக்கும். டிவியோடு சேர்த்து இரண்டு செட் 1,20,000. ஏசி 46,000, ஏனென்றால் தோல் எடுத்து ஒட்டிய இடம் சரியாக வியர்க்காது, நம் ஊர் வெயிலில் அழுத்த உடையோடு பிள்ளைகள் தவித்துப்போவார்கள். இன்வெர்ட்டர் 28,000. தரை விரிப்பு, வயரிங், பெயின்ட் 26,000. பகுதி நேர பிசியோவுக்கு மாதம் 15,000 வீதம் ஓராண்டுக்கு 1,80,000. கிராமங்களிலிருந்து வரும் குடும்பங்களுக்குப் பஸ் செலவு 60,000. ஆக மொத்தம் 4,60,000. வந்திருப்பது 2,87,500.

இந்த மண் கொடுத்துப் பழகிய மண். 1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள், வானம் பார்த்த கரிசல் பூமியில் அடுப்பெரிந்தது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று வளர்ந்து குட்டி ஜப்பான் என்று பெயரும் வாங்கினோம். பக்கத்து விருதுநகரில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், காமராசர் படித்தது அங்கேதான். வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்து ஊருக்குச் செய்த பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

இதுவரை கொடுத்தவர்களை எப்படிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தில் இருபதும் ஐம்பதுமாக எடுத்து வைத்த தீப்பெட்டி ஆபீஸ் அக்காமார்கள், ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிட்ட கையோடு முதல் தொகையைத் தந்த அச்சக முதலாளிகள், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த பள்ளிப் பிள்ளைகள், பென்ஷனில் பங்கு கொடுத்த ஆசிரியர்கள், கூலி வாங்காமல் வயரிங் செய்ய ஒப்புக்கொண்ட எலக்ட்ரீஷியன் தம்பி, எல்லார் குடும்பத்தையும் பத்திரகாளியம்மன் காக்கட்டும்.

சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டும். வசூல் பட்டியலில் கூலிக்காரர்கள் பெயர் நிறைய இருக்கிறது, பெரிய வீடுகள் பெயர் கொஞ்சம்தான் இருக்கிறது. நெருப்பை வைத்துத்தான் இந்த ஊரே நிமிர்ந்தது. அந்த நெருப்பில் வெந்த பிள்ளைக்கு நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்? இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொள்பவர்கள், நேர்ச்சையில் ஒரு பங்கை இந்தப் பிள்ளைகளுக்கும் ஒதுக்குங்கள், அம்மன் குறைவாக நினைக்க மாட்டாள்.

500 ரூபாய் கொடுத்தால் ஒரு நாள் பிசியோ சம்பளம் ஆகிவிடும். முடியாதவர்கள் எவ்வளவு கொடுத்தாலும் சரி. செப்டம்பர் முடிய ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் குழுவினர் தெருத்தெருவாக வருவார்கள். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்கள் வழியாக அனுப்பலாம். எண் போட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.