மெரினா உலர்மணலில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேட எழுத்துமூல அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக்,
திருவல்லிக்கேணி, சென்னை – 5.
பெயர், கதவு எண், ஆதார் நகல் தனித்தாளில் உள்ளன.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிங்காரவேலர் மாளிகை, ராஜாஜி சாலை,
சென்னை – 1.

பொருள்: மெட்டல் டிடெக்டர் கொண்டு கடற்கரை மணலில் பொழுதுபோக்காகத் தேடுவதற்கு இடம், நேரம், விதிமுறை வகுத்து அனுமதிச் சீட்டு வழங்க வேண்டுதல் – சார்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். முப்பத்து நான்கு வருடம் டிவி பெட்டிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவன் நான். பிக்சர் ட்யூப் போய் எல்.இ.டி. வந்ததும் கடையை மூடிவிட்டேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போன வருடம் மகன் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிக் கொடுத்தான். விடியற்காலையில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மெரினாவுக்குப் போகிறேன். என் கோரிக்கை அதைப் பற்றியதுதான்.

இந்த மெஷின் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்க்கிறவர்கள் எல்லாரும் புதையல் என்றே நினைக்கிறார்கள். வட்டமான ஒரு கம்பிச்சுருள் மணலுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அது திருப்பி அனுப்பும் சிக்னல் ஹெட்போனில் கேட்கும். காசு அளவுக்கான பொருள் என்றால் அரை அடி, முக்கால் அடி ஆழம் வரைதான் எட்டும். ஈர மணலுக்குப் போனால் உப்புத்தண்ணீரும் நம் கடற்கரையின் கருமணலும் சேர்ந்து மெஷினைக் குழப்பிவிடும். ஒன்றுமே இல்லாத இடத்தில் கீச்சுக் கீச்சென்று கத்தும். அதனால் நான் அலைப்பக்கம் போவதில்லை, உலர்மணலோடு சரி.

மெல்லிய தங்க மோதிரம் மெஷினின் திரையில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஃபாயிலும் காட்டும். அந்தப் பாழாய்ப்போன ஃபாயிலைத் தோண்டாமல் விட்டால் மோதிரத்தையும் விட்டுவிட வேண்டியதுதான். ஆகவே எல்லாவற்றையும் தோண்டுகிறேன். எட்டு மாதத்தில் சோடா மூடி மட்டும் இரண்டு பெயின்ட் டப்பா நிறைந்துவிட்டது. துருப்பிடித்த ஆணி, பஜ்ஜிக் கடைக்காரர்களின் கம்பி, உடைந்த கத்தி என்று காலைக் கிழிக்கும் சாமான்கள் இன்னொரு டப்பா. அதோடு காசு, ஒற்றைத் திருகாணி, மெட்டி, குழந்தைக் கொலுசு ஒன்று.

போன ஜனவரியில், காணும் பொங்கல் முடிந்து சில நாள் கழித்து, ஒரு தம்பதி கல்யாண மோதிரத்தைத் தொலைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தார்கள். இரவெல்லாம் செல்போன் வெளிச்சத்தில் கையால் அளைந்திருக்கிறார்கள். அந்தம்மாவின் நகக்கண்ணில் ரத்தம். எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டு, காலால் கட்டம் கட்டி, வரிசை வரிசையாகத் தேடினேன். நாற்பது நிமிடத்தில் கிடைத்தது. அவர்கள் கையில் கொடுத்த கையோடு ஒரு காவலர் வந்தார். ஸ்டேஷனுக்கு வாங்க என்றார். காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாம் ஸ்குவாட் வைத்திருக்கும் சாமான் ஒரு லுங்கி கட்டிய ஆளிடம் இருந்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். “பேப்பர் இருக்கா?” என்றார்கள். மெஷின் வாங்கிய பில்தான் இருந்தது. சரி, பேப்பர் எங்கே வாங்குவது என்று அலைந்தேன். முதலில் போன அலுவலகம் இரண்டாவதைக் காட்டியது, இரண்டாவது மூன்றாவதை. மூன்றாவதில் இருந்தவர், “இதெல்லாம் கலெக்டர் சமாச்சாரம் சார்” என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்று பிறகு சட்டத்தைப் படித்தபோது தெரிந்தது. 1878-ஆம் வருட இந்தியப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 1878-இல் பத்து ரூபாய் பெரிய பணம். இன்றைக்கு ஒரு பத்து ரூபாய் நாணயமும் ஒரு ரூபாய் நாணயமும் சேர்ந்து கிடைத்தாலே வரம்பு தாண்டிவிடுகிறது. காணும் பொங்கலுக்கு மறுநாள் எனக்கு 83 ரூபாய் கிடைத்தது. தாமதமானாலும் அதை இம்மனுவின் வழியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். பாக்கெட்டிலிருந்து நழுவிய சில்லறை “மறைந்திருந்த” பொருளாகுமா என்பதை நீங்கள்தான் தெளிவுபடுத்த வேண்டும்.

தொல்பொருள் பற்றிய கவலை நியாயமானது. எனக்கும் உண்டு. 1863-இல் பல்லாவரத்தில் நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தது பழைய கற்காலத்துக் கைக்கோடரி, கல்லாலானது. அப்படி ஒன்றின் மேல் என் மெஷின் போனால் சத்தமே வராது. அதற்கு அடியில் கிடக்கும் ஒரு ஆணிக்காகத் தோண்டினால் அந்தக் கல்லைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு ஆணியை எடுத்து வருவேன். எந்த அடுக்கில் எது இருந்தது என்பது அதோடு போச்சு. அதனால்தான் கோயில் நிலம், குளக்கரை, பழைய கோட்டை, ஏரிப் படுகை இங்கெல்லாம் என்னைப் போன்ற ஆட்களை விடவே கூடாது என்கிறேன். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றித் தடை செய்யப்பட்ட 100 மீட்டரும், அதைத் தாண்டி முறைப்படுத்தப்பட்ட 200 மீட்டரும் சட்டத்தில் ஏற்கனவே இருக்கின்றன. அந்த 300 மீட்டருக்குள்ளும் மெஷினை எடுக்கக் கூடாது என்று சீட்டிலேயே அச்சிடுங்கள்.

மெரினா மணல் வேறு கதை. 1876-இல் துறைமுக வேலை தொடங்கிக் கடலுக்குள் கல்சுவர் போன பிறகு, தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அங்கே தட்டி நின்றது. அப்படிச் சேர்ந்து சேர்ந்து அகலமானதுதான் இன்றைய மெரினா. அந்த மணல் வராததால்தான் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றது. ஆக, நான் தேடும் மணலில் பெரும்பகுதிக்கு வயது நூற்றைம்பதுகூட இல்லை. அங்கே ராஜராஜன் காசு கிடைக்காது. அலுமினியப் பத்துப் பைசா கிடைக்கும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகப் பக்கம் பொழிந்த குண்டுகளில் ஒன்று எங்காவது ஒதுங்கியிருந்தால்? அப்படி எதைப் பார்த்தாலும் கை வைக்காமல் 100-க்கு போன் செய்ய வேண்டும் என்பதும் விதியாக இருக்கட்டும்.

இன்னொன்று ஆமை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கரைக்கு முட்டையிட வருகின்றன. ஒன்றரை அடி ஆழக் குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். குஞ்சு வெளியே வர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே சூரியன் உதிக்கும் முன் மணலில் இறங்கக் கூடாது, டார்ச் கூடாது, ஆமைத் தடம் தெரியும் இடத்தில் கரண்டியே கூடாது.

லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் தேடுகிறவர்களுக்குத் துறைமுக ஆணையம் பெர்மிட் கொடுக்கிறது. சாதாரண பெர்மிட்டில் 7.5 சென்டிமீட்டர் வரைதான் தோண்டலாம். அது போல ஒரு சீட்டைத்தான் கேட்கிறேன். கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை வரையிலான உலர்மணல், சூரிய உதயத்திலிருந்து காலை எட்டு மணி வரை, கைக்கரண்டியும் சல்லடையும் மட்டும், தோண்டிய குழியை உடனே மூடுவது, எடுத்த குப்பையை மாநகராட்சித் தொட்டியில் சேர்ப்பது. புகைப்படத்துடன் ஒரு அட்டை கழுத்தில் தொங்கினால் காவலருக்கும் சிரமமில்லை, எனக்கும் பெஞ்ச் இல்லை. கட்டணம் வைத்தால் கட்டுகிறேன். சல்லடை போட்டு மணலை அரித்துப் பிழைக்கிறவர்கள் சிலரையும் அங்கே பார்க்கிறேன். இந்தச் சீட்டைக் காரணம் காட்டி அவர்களை யாரும் விரட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு இது பொழுதுபோக்கு, அவர்களுக்கு அன்றைய சாப்பாடு.

நகை கிடைத்தால் ஒப்படைக்க ஒரு இடமும், அதற்கு ஒரு ரசீதும் வேண்டும். மேலே சொன்ன குழந்தைக் கொலுசு ஒற்றைக்கால் கொலுசு; மூன்று சலங்கை, கொக்கி நெளிந்திருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியும் இடமும் எழுதி மடித்து என் பீரோவில் வைத்திருக்கிறேன். அதை எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்பதையும் பதிலில் குறிப்பிட வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: மெஷின் வாங்கிய பில் நகல், தேடும் பகுதியின் கைவரைபடம், கண்டெடுத்த பொருட்களின் தேதிவாரிக் குறிப்பு நோட்டின் நகல்.