தீபாவளிச் சரக்கும் ஸ்பிரிங்ளர் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. தி.நகரிலும் புரசைவாக்கத்திலும் மதுரை மாசி வீதிகளிலும் ஜவுளிக்கடைகளில் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. கிடங்கு நிரம்பியதும் மிச்ச மூட்டைகள் விற்பனைத் தளத்து ரேக்குகளின் மேல் ஏறும், கூரை முட்டும் வரை ஏறும். அந்தக் கூரையில்தான், தீயின் சூட்டில் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் இருக்கிறது.

ஸ்பிரிங்ளரில் தண்ணீர் வெளிவரும் முனைக்கு ஹெட் என்று பெயர். அதன் அடியில் உள்ள பல்லுப் பல்லான தட்டுக்கு டிஃப்ளெக்டர் என்று பெயர். தண்ணீர் அதில் மோதிக் குடை போல விரிகிறது. குடை விரிய இடம் வேண்டும். அதற்காகத்தான் தட்டுக்குக் கீழே குறைந்தது அரை மீட்டர் காலியாக விடச் சொல்கிறார்கள். ஒரு சேலைக்கட்டைத் தட்டுக்கு வெறும் 20 செ.மீ. கீழே வைத்துவிட்டால் அந்த ஹெட் கட்டை மட்டும்தான் நனைக்கும். ரேக்கின் மறுபக்கத்தில் எரியும் தீக்கு ஒரு சொட்டும் போகாது.

2017 மே 31 விடியற்காலையில் தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடையில் பற்றிய தீ மறுநாளும் எரிந்தது. கட்டிடத்தின் ஒரு பகுதி சரிந்தது. மிச்சத்தையும் இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் “எங்களிடம் ஸ்பிரிங்ளர் இருக்கிறது” என்று கூரையைக் காட்டுகிறார்கள். இருக்கிறது, சரி. ஆனால் எந்தக் கூடத்துக்காகக் கணக்குப் போட்டது அது?

பெரும்பாலும் காலிக் கூடத்துக்காக. ஒப்புதலுக்குப் போகும் வரைபடத்தில் தூணும் சுவரும் மட்டும் இருக்கும். சான்று வந்த பிறகு இன்டீரியர் வேலை தொடங்கும். ஃபால்ஸ் சீலிங் வரும், ஏ.சி. டக்ட் வரும், டிரையல் ரூம் தடுப்புகளும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட ரேக்குகளும் வரும். அதன்பின் அது வேறு கட்டிடம். கணக்கு மட்டும் பழையதாகவே இருக்கும்.

அந்தக் கணக்கு பெரிய ரகசியமில்லை. கடைகள் சேரும் நடுத்தர ஆபத்து வகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் விழ வேண்டும். ஒரு ஹெட் அதிகபட்சம் 12 ச.மீ. பார்த்துக்கொள்ளும். ஆக ஹெட் ஒன்றுக்கு 60 லிட்டர். பரவலாகப் பயன்படும் கே-80 ஹெட்டில், அங்குள்ள அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 80-ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் வரும் என்பது தெரிந்துவிடும். 60 லிட்டர் வர 0.56 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வேண்டும். அழுத்தம் 0.25 பாருக்கு இறங்கினால் 40 லிட்டர்தான். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. தீ 360 ச.மீ. பரப்பில் ஹெட்களைத் திறக்கிறது என்று கொண்டால் 30 ஹெட், நிமிடத்துக்கு 1,800 லிட்டர், ஒரு மணி நேரத்துக்கு 1,08,000 லிட்டர். இது குறைந்தபட்சம். பம்புக்கு அருகில் இருக்கும் ஹெட்கள் தேவைக்கு மேல் கொட்டும் என்பதால் பம்பை நிமிடத்துக்கு 2,280 லிட்டர் என்ற அடுத்த அளவில் எடுப்பார்கள்.

எல்லாம் சரியாகப் போட்ட வரைபடமும் குழாய் வேலையில் கெடும். 32 மி.மீ. போட வேண்டிய கிளைக் குழாயில் கையிருப்பில் இருந்த 25 மி.மீ. குழாயைப் போட்டுவிட்டால், அதே தண்ணீருக்கு உராய்வு இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். இன்னொன்று, ஃபால்ஸ் சீலிங் வந்ததும் ஹெட்டைக் கீழே இறக்க மாட்டும் வளையும் ஹோஸ். வசதியான பொருள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு மீட்டர் ஹோஸின் இழப்பு பல மீட்டர் இரும்புக் குழாயின் இழப்புக்குச் சமம். வளைவு கூடக் கூட அது ஏறும். தயாரிப்பாளர் தரும் தாளில் அந்தச் சம நீளம் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கணக்கில் சேர்த்த தாளைப் பார்ப்பது அபூர்வம்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கான்கிரீட் கூரை வரை உள்ள இடைவெளி 800 மி.மீ.க்கு மேல் இருந்தால், தேசிய கட்டிட விதித்தொகுப்பு 2016-இன்படி அந்த இடைவெளிக்குள்ளும் தனியாக ஹெட் வேண்டும். ஒயர், ஏ.சி. இன்சுலேஷன் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. ஒரு மீட்டருக்கு மேல் அகலமான டக்ட் குறுக்கே போனால் அதன் அடியிலும் வேண்டும். “ஹெட் குறைவாகத் தெரிகிறது, இடையிடையே நாலு சேர்த்துவிடுங்கள்” என்று உரிமையாளர் சொல்வதும் உண்டு. அதுவும் தப்பு. இரண்டு ஹெட்டுக்கு இடையே இரண்டு மீட்டருக்கும் குறைவாக இருந்தால், முதலில் திறந்தது பக்கத்து ஹெட்டின் பல்பை, அதாவது சூட்டில் உடைந்து தண்ணீருக்கு வழி விடும் கண்ணாடிக் குமிழை, நனைத்துக் குளிர்வித்துவிடும். அது திறக்கவே திறக்காது.

பல்பின் நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. சிவப்பு 68 டிகிரி செல்சியஸில் உடையும், மஞ்சள் 79, பச்சை 93. அந்த இடத்தில் வரக்கூடிய உச்ச வெப்பத்தைவிட 30 டிகிரியாவது கூடுதலாக இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏ.சி. தளத்துக்குச் சிவப்பு போதும். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட கிடங்கில், சித்திரை வெயிலில் தகரத்தின் அடியில் 50 டிகிரியைத் தாண்டும். அங்கே சிவப்பை மாட்டினால் தீ இல்லாமலே ஒருநாள் உடையக்கூடும். அப்படி ஒருமுறை உடைந்து சரக்கு நனைந்த கடையில் அடுத்து நடப்பது என்ன? ஸ்பிரிங்ளர் குழாய்க்குத் தண்ணீர் விடும் வால்வை யாரோ மூடிவிடுவார்கள்.

மூடிய வால்வுதான் எங்களைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய பிழை. சினிமாவில் காட்டுவது போல ஒரு தீக்குச்சிக்கு மாடி முழுவதும் மழை பெய்யாது. சூடு தொட்ட ஹெட் மட்டுமே திறக்கும். மாடி முழுவதும் நனைந்துவிடும் என்ற பயத்தாலும், குழாய் வேலைக்காக மூடித் திறக்க மறந்ததாலும் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் வால்வுகள் உண்டு. சங்கிலி போட்டுத் திறந்த நிலையில் பூட்டுங்கள். மூடினால் கன்ட்ரோல் பேனலில் மணி அடிக்கும்படி டாம்பர் சுவிட்ச் வையுங்கள்.

தண்ணீர்த் தொட்டி தனிக் கதை. கோடையில் லாரித் தண்ணீர் வராத நாளில் தீயணைப்புச் சம்பிலிருந்து கழிவறைக்கு இழுப்பார்கள். தடுக்க எளிய வழி, தண்ணீர் முதலில் தீயணைப்புத் தொட்டிக்கு வந்து, அது நிரம்பி வழிவது மட்டும் புழக்கத் தொட்டிக்குப் போகும்படி கட்டுவது. தண்ணீரும் நாறாது. மொட்டை மாடித் தொட்டியை நம்பி மேல்தளத்துக்கு நேராகக் குழாய் இறக்குவோரும் இருக்கிறார்கள். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார்; ஐந்து மீட்டர் கீழே இருக்கும் ஹெட்டுக்கு அரை பார்தான், அதுவும் உராய்வைக் கழிப்பதற்கு முன்னால். பூஸ்டர் பம்பு இல்லாமல் அது நடக்காது.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பம்பு அறையில் பம்பை ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மேல்தளத்தில், குழாயின் கடைக்கோடியில் ஒரு சோதனை வால்வு இருக்கும். ஒரே ஒரு ஹெட் திறந்தால் எவ்வளவு தண்ணீர் போகுமோ அவ்வளவுதான் அதன் வாய். அதைத் திறக்கச் சொல்லுங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் பேனலில் மணி அடிக்க வேண்டும். முதலில், குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன பம்பான ஜாக்கி பம்பு ஓடும். அது ஈடு கொடுக்க முடியாமல் அழுத்தம் விழும்போது பெரிய பம்பு தானாக எழ வேண்டும். எழுந்தது தானாக நிற்கவும் கூடாது, ஆள் போய்த்தான் நிறுத்த வேண்டும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து டீசல் பம்பும் தானாக எழுகிறதா என்று பாருங்கள். பேட்டரி செத்திருப்பதும், பேனல் சுவிட்ச் ‘ஆட்டோ’வில் இல்லாமல் ‘மேனுவல்’ பக்கம் இருப்பதும் இந்தக் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சான்று புதுப்பிக்கும்போது கடை இப்போது இருக்கும் நிலைக்குப் போட்ட நீரியல் கணக்குத் தாளைக் கேட்க வேண்டும். அதன் சுருக்கத்தை வால்வின் பக்கத்தில் உலோகத் தகட்டில் பொறித்து மாட்டச் சொல்ல வேண்டும். எந்த ஆபத்து வகை, சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு பரப்பு, எவ்வளவு அழுத்தம் என்ற நான்கு எண்கள் போதும்.

கடைக்காரர்களுக்கு இந்த வாரமே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு, செலவு ஒரு டப்பா பெயின்ட். தூண்களிலும் சுவர்களிலும் டிஃப்ளெக்டருக்கு அரை மீட்டர் கீழே சிவப்புக் கோடு இழுத்துவிடுங்கள். மூட்டை எதுவும் அதைத் தாண்டக்கூடாது. பெயின்டரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: ஹெட்டின் மேல் தூரிகை படக்கூடாது. பட்ட ஹெட்டைத் துடைத்துப் பயனில்லை, கழற்றிப் புதிது மாட்ட வேண்டியதுதான்.

இப்படிக்கு,
தீத்தடுப்பு அமைப்பு வடிவமைப்பாளர்கள் சிலர்,
சென்னை