மாத்திரை வந்துவிட்டதாம், ஊசி வேண்டாமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் மருத்துவப் பக்கத்தில், அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கான வாய்வழி மருந்து பற்றிய கட்டுரையைப் படித்தேன். "நிமோனியா உள்ளிட்ட எல்லா சுவாசத் தொற்றுக்கும் இனி இந்த மாத்திரையே போதும், ஊசி தேவையில்லை" என்று நடுவில் ஒரு வரி. கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருப்பார் போல. அந்த வாரமே, புதன்கிழமை தடுப்பூசி நாளன்று, எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குத் தகப்பன் ஒருவர் வந்தார். ஒன்பதாம் மாத ஊசிக்கு வரவேண்டிய குழந்தை வீட்டில். கையில் தடுப்பூசி அட்டை, அதற்குள் மடித்து வைத்த உங்கள் பக்கம். "பேப்பர்லயே போட்டிருக்கே சிஸ்டர்" என்கிறார். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியர் பெண் எனக்குப் போன் போட்டு, "என்னம்மா சொல்றது?" என்று கேட்டாள். நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அச்சடித்த காகிதத்துக்கு முன்னால் நர்சம்மா பேச்சு எடுபடுமா?

அப்படி ஒரு மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவில் வெகுகாலமாக விற்கிறார்கள். ஓஎம்-85 என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுச் சளிக்குக் காரணமான எட்டு வகை பாக்டீரியாக்களின் 21 ரகங்களைக் கொன்று, சிதைத்து, அந்தச் சாரத்தைக் காப்ஸ்யூலில் அடைத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் மாதம் பத்து நாள், தொடர்ந்து மூன்று மாதம். குடலில் இருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் இதைப் பார்த்து விழித்துக்கொள்ளும், அந்த விழிப்பு மூச்சுக்குழாய் வரைக்கும் போய்ச் சேரும் என்பது கணக்கு. சளி, இருமல் வரும் தடவைகள் குறைகின்றன என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் தரம் போதாது என்று, எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைச் சலித்துச் சொல்லும் சர்வதேச அமைப்பான காக்ரேன் குழுவினரே எழுதியிருக்கிறார்கள்.

ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் இந்த மருந்துகளை எல்லாம் மறு ஆய்வு செய்து சொன்னதும் தாங்கள் அறியாததல்ல. திரும்பத் திரும்ப வரும் சுவாசத் தொற்றைத் தடுக்க மட்டும் கொடுக்கலாம். வந்துவிட்ட தொற்றைக் குணப்படுத்தவோ நிமோனியாவைத் தடுக்கவோ கொடுக்கக் கூடாது. அதற்குச் சான்று இல்லை. எதற்கு ஆகாது என்று அவர்கள் பெயர் சொல்லி விலக்கினார்களோ, அதையே உங்கள் கட்டுரை முதலில் போட்டுப் பெருமை பேசுகிறது. பாராட்டத்தான் வேண்டும்!

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அந்தக் காப்ஸ்யூலைப் பரிந்துரைப்பதில்லை. நிமோனியா அதுவரை காத்திருக்குமா? நிமோனியா தரும் முக்கியக் கிருமி ஒன்றைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியை ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று வைத்திருப்பதே அதனால்தான். 2011 கடைசியில், நிமோனியா தரும் இன்னொரு கிருமியான ஹிப் உட்பட ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டா ஊசி வந்தது. 2021-இல் நிமோகாக்கல் ஊசியும் அரசுத் திட்டத்தில் இலவசமாகச் சேர்ந்தது. அதற்கு முன் அதைத் தனியாரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துத்தான் போட வேண்டும். இவை வருவதற்கு முந்திய காலத்தில் வேலை பார்த்தவள் நான். குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுவோம். நிமிடத்துக்கு ஐம்பதைத் தாண்டும். விலாவுக்குக் கீழே குழி விழும். பால் குடிக்காது. கடைசி பஸ் போன பிறகு மலைக்காட்டு ஊரிலிருந்து அப்படி ஒரு குழந்தையை எப்படிக் கொண்டுபோவது என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு நாள் யோசித்துப் பார்க்கட்டும்.

என் பேரனுக்கும் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர் இதை எழுதிக் கொடுத்தார். கொடுத்தோம். அந்த வருடம் சளி குறைந்ததென்னவோ உண்மை. அதே வருடம்தான் அவனைக் கிரெச்சிலிருந்து நிறுத்தினோம், வயதும் ஒன்று கூடியது. எது காப்பாற்றியது என்று எப்படிச் சொல்வது? பள்ளிக்குப் போகத் தொடங்கும் பிள்ளைக்கு வருடத்தில் ஏழெட்டு முறை மூக்கு ஒழுகத்தான் செய்யும். அதற்குப் பெயர் பலவீனம் என்று பயமுறுத்தும் டானிக் விளம்பரம், கட்டுரைக்கு நேர் எதிர்ப்பக்கத்திலேயே அரைப்பக்கத்துக்கு வந்திருப்பதையும் கவனித்தேன்.

இது முதல் தடவையும் இல்லை. 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்திகளோடு நாங்கள் பள்ளிக்குப் பள்ளி மல்லுக்கட்டினோம். அப்போது நீங்கள் போட்ட தலைப்பு "பெற்றோர் பீதி". அந்த ஊசி எதற்கு என்ற விவரம் ஆறாம் பத்தியில். நான் எழுதிய கடிதத்தையும் போட்டீர்கள், நன்றி. ஆனால் முக்கியமான இரண்டு வரிகளை வெட்டிவிட்டு, "வாழ்த்துகள்" என்பதை மட்டும் விட்டுவைத்திருந்தீர்கள். இன்னொன்று: தடுப்பூசிச் செய்தி எதுவானாலும், மாட்டுக்குப் போடும் அளவுக்கு ஒரு சிரிஞ்சு, பக்கத்தில் வாய் பிளந்து அலறும் குழந்தை. நாங்கள் போடுவது அரை மில்லி ஐயா. அந்தப் படத்தைப் பார்த்த தாய் எப்படி வருவாள்?

நான் கேட்பது அதிகமில்லை. அந்த மாத்திரை நிமோனியாவைத் தடுக்காது, அட்டவணைப்படியான ஊசி எதற்கும் அது மாற்றாகாது என்று இரண்டே வரித் திருத்தம். அதே மருத்துவப் பக்கத்தில், அதே எழுத்தளவில். வரி விளம்பரங்களுக்கு அடியில் வேண்டாம். புதன்கிழமைக்கு முன்னால் வந்தால் நல்லது. அந்தத் தகப்பன் இன்னும் குழந்தையைக் கொண்டுவரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தேனி மாவட்டம்.

(பெயர் போட வேண்டாம். வெட்டுவதானால் வேறு எதையாவது வெட்டுங்கள், திருத்தம் கேட்ட பத்தியை விட்டுவிடுங்கள்.)