கோட்டவாசல் சேட்டனுக்கும் கூட நின்ற எல்லாருக்கும்

என் ஆட்டோமேட்டிக் கார் மறுபடி ஓடுகிறது. நேற்று சாயங்காலம் புளியரை மலைப்பாதையின் எஸ் வளைவில் ஏற்றி, கேரள எல்லையிலிருக்கிற கோட்டவாசல் வரை போய்த் திரும்பினேன். ஏற்றத்தில் கியர் தானாக இறங்கி, வளைவு முடிந்ததும் தானாக ஏறியது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். என் இடது காலைப் பற்றியும் தெரியும். அதனால் கிளட்ச் மிதிக்கிற வண்டி எனக்கு ஆகாது; கியர் தானாக மாறுகிற இந்த வண்டிதான் ஆகும். அதையெல்லாம் மறுபடி சொல்லப் போவதில்லை. கியர் பாக்ஸை முற்றத்திலேயே இறக்கி, சீல் மாற்றி, நானும் தம்பியும் திரும்ப ஏற்றினோம். அதற்குப் பிறகு வந்த சோதனையில் யார் யார் கை கொடுத்தார்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. ரிவர்ஸ் விழுந்தது. முன்னால் போகச் சொன்னால் மட்டும் முக்கி முக்கிக் கிளம்பியது. அப்புறம் கியர் மாறவே இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "பாக்ஸைத் திரும்ப இறக்கணும்." தம்பி திண்ணையில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் அவர் வந்தார். கோட்டவாசலில் லாட்டரிக் கடை வைத்திருப்பவர். காலையில் காய்கறி வாங்க இந்தப் பக்கம் வந்தவர், இன்ஜின் சத்தம் கேட்டு கேட் ஓரம் நின்றார். "ஓட்டோமாட்டிக் ஆணோ மோளே?" (ஆட்டோமேட்டிக்கா மகளே?) என்றார். மஸ்கட்டில் வருஷக்கணக்காக ஒர்க்‌ஷாப்பில் இதே வேலை பார்த்தவராம். கையிலிருந்த பையைத் திண்ணையில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

எதையும் தொடுவதற்கு முன்னால், இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர் பாக்ஸுக்குக் கடத்துகிற கன்வெர்ட்டரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். "போல்ட் முறுக்கும் முன்னாடி கன்வெர்ட்டர் கையால சுத்திச்சா? பிளேட்டுக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி இருந்துச்சா?" இருந்தது. தம்பி ஸ்கேல் வைத்தே பார்த்திருந்தான். அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. கன்வெர்ட்டர் முழுசாக உட்காராமல் போல்ட்டை முறுக்கினால் உள்ளே ஆயில் பம்பே உடைந்துவிடுமாம். அப்படி ஆகியிருந்தால் இறக்காமல் தீராது.

அடுத்தது கியர் பாக்ஸ் ஆயில். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும் என்று காத்திருந்தார். பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு சுற்று நகர்த்தச் சொன்னார். பிறகு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். நல்ல சிவப்பு. நுரை இல்லை, கருகின வாடை இல்லை, அளவும் சரி. பம்ப் சத்தமும் போடவில்லை. "பாக்ஸ் நல்லா இருக்கு. இறக்கண்டா" (இறக்க வேண்டாம்) என்றார். அந்த ஒரு சொல்லுக்கே நான் அவர் காலில் விழுந்திருப்பேன்.

லீவரை டி, 2, எல் என்று எதில் போட்டாலும் ஒரே மாதிரி கனமாகக் கிளம்புகிறது என்றால் வண்டி மூன்றாவது கியரிலேயே நிற்கிறது என்று விளக்கினார். கியர் மாற்ற ஆயிலைத் திறந்து மூடுகிற சொலினாய்டு என்ற மின் வால்வுகளில் ஏதோ ஒன்று வண்டியின் கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியவில்லை. மேலும் கெட்டுவிடக் கூடாது என்று அது மூன்றிலேயே பிடித்து வைத்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றச் சொல்லிவிட்டு, பாக்ஸின் மேலிருந்த வயர் கனெக்டரைக் கழற்றி செல்போன் டார்ச்சில் காட்டினார். வரிசையாக நின்ற பின்களில் ஒன்று மட்டும் நூலளவு உள்ளே தள்ளியிருந்தது. பழைய பிளாஸ்டிக், உள்பூட்டு தளர்ந்து போயிருக்கிறது. வெளியே கனெக்டர் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும்; உள்ளே அந்த ஒரு பின் மட்டும் தொடாது.

"ஒரு ஊக்கு கிட்டுமோ?" என்றார். அம்மா வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அதன் முனையால் பின்னின் மெல்லிய நாக்கைக் கொஞ்சம் நிமிர்த்தி, வயரைப் பின்னாலிருந்து தள்ளினார். மூக்குக் கண்ணாடி வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருந்தது; தோளால் தள்ளிவிட்டுக்கொண்டார். அந்தப் பின் சரியாக உட்கார்ந்ததும் வயரை லேசாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அவ்வளவுதான்! பேட்டரியை மாட்டி, தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பேட்டரியைக் கழற்றியதால் கம்ப்யூட்டர் புதிதாகப் பழக வேண்டும், கொஞ்ச நாள் கியர் இடித்துத்தான் மாறும், பயப்படாமல் மெதுவாக ஓட்டு என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த மோரைக் குடித்துக் கிளம்பினார். பணத்தைக் கையாலும் தொடவில்லை.

மறுநாள் தம்பி அவர் கடைக்குப் போனபோதுதான் பக்கத்து டீக்கடைக்காரர் விஷயத்தைச் சொன்னார். கேரளா லாட்டரிக்குக் குலுக்கல் மதியம் 3 மணிக்கு. அதற்கு மேல் கையில் நிற்கிற சீட்டு வெறும் காகிதம். நஷ்டம் கடைக்காரர் தலையில். அவர் எங்கள் முற்றத்தை விட்டுப் போகும்போது 3 மணி தாண்டியிருந்தது. கடை அன்றைக்குத் திறக்கவே இல்லை. இதை அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணி பார்த்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

இதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்க்காரர்களோடுதான் இருந்தது. எங்கள் ஆச்சிக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும். நடுவில் செக்போஸ்ட் வந்ததே தவிர, மனுஷர்கள் பிரியவில்லை என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தேன்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. பாக்ஸைத் தூக்கி இறக்க செயின் பிளாக்கை வாடகை இல்லாமல் தந்த செங்கோட்டை லேத் அண்ணாச்சி, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான சரியான ஏ.டி.எஃப். ஆயிலைத் தேடிப் பிடித்துத் தந்த தென்காசி ஸ்பேர் பார்ட்ஸ் கடைத் தம்பி, புனலூரிலிருந்து பாலருவி எக்ஸ்பிரஸில் சீல் கொண்டுவந்து சேர்த்த தோழி, சாரலில் நனைந்துகொண்டே ஜாக்கி பிடித்த தம்பியின் கூட்டாளிகள், பள்ளிக்கூடத்துக்கு என்னை நேரம் தவறாமல் கொண்டுபோய் விட்ட ஆட்டோ அண்ணன்கள், சமையல் செய்யக்கூட மனசு வராத நாளில் சோறு கொடுத்தனுப்பிய எதிர் வீட்டு மதினி. எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி.

நேற்று கோட்டவாசலில் சேட்டனைப் பார்த்தேன். நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே பானெட்டைத் திறக்கச் சொல்லி டிப்ஸ்டிக்கைத்தான் பார்த்தார்.

இனி ராத்திரியோ பகலோ, ஊரில் யாருக்காவது அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் என் வாசலில் குரல் கொடுங்கள். தென்காசியோ புனலூரோ, நான் ஓட்டி வருகிறேன். உங்கள் ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் யாராவது பாக்ஸை இறக்கணும் என்று சொன்னால், என்னையும் தம்பியையும் முதலில் கூப்பிடுங்கள். ஆயிலையும் கனெக்டரையும் பார்த்த பிறகு இறக்குவதைப் பற்றிப் பேசலாம்.