காலை இரத்தச் சோதனைக்கு முன் ஊசி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்கு ஏற்படும் ஹார்மோன் மாற்றங்களைப் பற்றித் தங்கள் இதழின் மருத்துவப் பகுதியில் வந்த கட்டுரையை மனமார வரவேற்கிறேன். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் சர்க்கரையைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் பேசுகிற ஆண்கள், இதைப் பற்றி மட்டும் மனைவியிடம்கூட வாய் திறப்பதில்லை. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் நெடுங்காலம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அக்கட்டுரை ஒரே வரியில் சொல்லிச் சென்ற, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனுக்கான இரத்தச் சோதனையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

டெஸ்டோஸ்டிரோன், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஏவலின்படி விரைகளில் சுரக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதைப் போல இது ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை. முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்ற கணக்கில் மெல்லக் குறைகிறது. அந்த இறக்கம் மட்டுமே நோய் ஆகிவிடாது. ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள ஆண்களிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான பெரிய ஆய்வில், அறிகுறிகளும் இரத்த அளவும் ஒருசேரப் பொருந்தி, வயதையொட்டிய குறைபாடு உள்ளவர்கள் என்று கொள்ளத்தக்கவர்கள் சுமார் 2 சதவீதத்தினர்தாம். களைப்பும் எரிச்சலும் எத்தனையோ காரணங்களால் வரலாம். உடலுறவில் நாட்டம் குறைதல், விடியற்காலையில் தானாக வரும் விறைப்பு அருகிப்போதல், விறைப்புக் குறைபாடு ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும்போதுதான் இந்த ஹார்மோனைச் சந்தேகிக்க வலுவான இடம் இருக்கிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச் சாய இறங்கும். ஆகவே காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், காய்ச்சல் முதலிய நோய் எதுவும் இல்லாத வெவ்வேறு இரண்டு நாள்களில் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் குறைந்திருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் அது குறைபாடு. டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் வகுத்திருக்கும் கீழ் எல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் பத்துப் பதினைந்து சோதனைகளோடு இதையும் சேர்த்து, எந்த நேரத்தில் வந்தாலும் இரத்தம் எடுத்துவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், அறுபதை நெருங்குகிறவர், கல்லாவில் மகனை உட்கார வைத்துவிட்டுச் சாயங்கால வேளையில் போய் இரத்தம் கொடுத்து வந்தார். 262 என்ற எண் தடித்த எழுத்தில், பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறியுடன் அச்சாகி வந்தது. அதைப் பார்த்த ஒருவர் உடனே டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தவர், பெண்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "அண்ணாச்சி, இந்த ஊசியப் போட்டா பழைய தெம்பு வந்துருமா?" என்று கேட்டார். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். அங்கே இரண்டு நாள் காலையில் எடுத்த இரத்தத்தில் அளவு 400க்கு மேல் இருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரிதான் (HbA1c) 9 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இரவில் குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் உண்டு என்பதை அவர் மனைவி சொல்லித்தான் மருத்துவர் தெரிந்துகொண்டார். இப்போது சர்க்கரைக்கும் தூக்கத்தில் வரும் மூச்சுத்தடைக்கும் வைத்தியம் நடக்கிறது. அவர் முகத்தில் தெளிவும் வந்திருக்கிறது.

உடல் எடை கூடுவதும் இந்த ஹார்மோன் குறைய ஒரு காரணம். தொந்திக் கொழுப்பில் உள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பெண்மை ஹார்மோனாக மாற்றிவிடுகிறது. நாள் முழுவதும் உட்கார்ந்தே வியாபாரம் பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்குப் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் படுக்கிறவர்களுக்கு, எடை குறைந்தாலே இந்த அளவு ஓரளவு ஏறும் என்பதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொன்னுக்கு வீங்கி வந்து விரை பாதிக்கப்பட்டவர்களுக்கும், பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி உள்ளவர்களுக்கும், சோதனையில் குறைபாடு உறுதியான மற்றவர்களுக்கும் அது உண்மையான மருந்து. அவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், இந்த ஹார்மோனைப் பெற்றவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்பது ஆறுதலான செய்தி. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் இரத்தம் உறைதலும் அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. இரத்தம் தடித்துப்போகவும் கூடும் என்பதால், சிவப்பணுக்களின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று இடையிடையே பார்க்க வேண்டும்; புராஸ்டேட் சுரப்பியையும் கவனிக்க வேண்டும். எல்லாவற்றிலும் கொடுமை, குழந்தைக்காகக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு 'ஆண்மைக்கு' என்று இதைப் போட்டுவிடுவது. வெளியிலிருந்து வரும் ஹார்மோனைக் கண்டதும் பிட்யூட்டரி தன் ஏவலை நிறுத்திக்கொள்ள, விந்தணு உற்பத்தி குன்றி, சிலருக்கு அடியோடு நின்றும் போகிறது.

பேருந்து நிலையச் சுவரொட்டிகளும், லாட்ஜில் அறை எடுத்துக் குறிப்பிட்ட தேதிகளில் வந்து போகும் வைத்தியர்களின் விளம்பரங்களும் இந்தக் கூச்சத்தை நம்பித்தான் பிழைக்கின்றன. பாலுணர்வு ஆற்றலைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படியிருந்தும் பத்திரிகைகளின் வரி விளம்பரப் பக்கங்களில் அவை இடம்பிடிக்கின்றன. அத்தகைய விளம்பரம் எதையும் தங்கள் இதழ் ஏற்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். மருத்துவப் பகுதியில் மாதம் ஒரு முறையாவது, பெயர் குறிப்பிடாமல் ஆண்கள் எழுதிக் கேட்கும் கேள்விகளுக்கு ஹார்மோன் சிறப்பு மருத்துவர் ஒருவரைக் கொண்டு பதில் எழுதச் செய்தால், என்னைத் தேடி வந்தவரைப் போன்ற பலர் தயங்காமல் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டம்.